இராஜாங்கத்தின் வயல் வழியாக

முதல் அடி விழுந்தபோது சித்தீக்கின் கையில் கைபேசி இருந்தது. வயலில் நட்டிருந்த, துளைகள் போட்ட பிளாஸ்டிக் குழாயைப் படம் எடுக்கக் குனிந்திருந்தான். அந்தக் குழாயைத்தான் கீழ்வயல்காரர் கண்ணுசாமி வந்து பிடுங்கி எறிந்தார். பின்னாலேயே வந்த வயலின் சொந்தக்காரர் இராஜாங்கம் அதை எடுத்து, அதனாலேயே கண்ணுசாமியின் நெற்றியில் அறைந்தார். பிளாஸ்டிக் விளிம்பு புருவத்துக்கு மேலே கிழித்தது. இரண்டாவது அடி காதில். மூன்றாவதில் கண்ணுசாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பெனி சாமான்ல கை வைப்பியாடா? வைப்பியா?"

அடிக்கொரு கேள்வியாகக் கேட்டார் இராஜாங்கம். மூச்சு வாங்கியதும் நிறுத்தினார். குழாயைப் பழைய குழியிலேயே சொருகி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"பாய், போட்டோ எடுத்துக்குங்க."

சித்தீக் எடுத்தான். பிறகு பல நாள் அவன் நினைத்து நினைத்துப் பார்த்தது அந்த அடிகளை அல்ல, இதைத்தான். அடித்தவர் எடுக்கச் சொன்னார், இவன் எடுத்தான். படத்தின் ஓரத்தில் கண்ணுசாமியின் கால்விரல்கள் விழுந்திருந்தன. அப்படியே கம்பெனிக்கு அனுப்பியும் விட்டான்.

குழாயில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு அடி நீளம், பாதி மண்ணுக்குள். உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். தண்ணீர் தேங்கியே கிடக்கும் நெல்வயலிலிருந்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்புகிறது. இடையிடையே காயவிட்டால் குறைகிறது. சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனம் இருபது வருடம் ஆசியாவெங்கும் நிலக்கரி விற்றது. இப்போது காற்றாலை, சூரிய மின்சாரம், இப்படிக் காயவிட்ட வயல்கள் என்று வேறு வழிக்குத் திரும்பியிருந்தது. வயலைக் காயவிடுகிறவர்களுக்கு ஏக்கர் கணக்கில் பணமும் கொடுத்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் அதற்குக் களப்பணியாளர் சித்தீக். ஷார்ஜாவில் பதினோரு வருடம் கடைச்சரக்கு சுமந்தவனுக்கு வெயில் ஏறிக்கொண்டே போவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலையை அவன் நம்பித்தான் செய்தான்.

வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட இராஜாங்கத்தின் நான்கு ஏக்கர். அது தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடி ஷார்ஜா.

வாய்க்காலிலிருந்து மடை இருப்பது இராஜாங்கத்தின் வயலுக்கு மட்டும். அதற்குக் கீழே ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சம், கண்ணுசாமியின் குத்தகை. வாய்க்கால் அங்கே எட்டாது. இராஜாங்கத்தின் வயல் நிறைந்து, வரப்பில் வெட்டிய வாய்வழியாக வழிந்துதான் கீழே தண்ணீர் போகும். அந்தப் பக்கத்தில் பாதி வயல்களுக்கு அப்படித்தான். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மறித்ததும் இல்லை. கைபேசியில் வந்த பதிவுப் படிவத்தில் 'தனி மடை உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. சித்தீக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. மடை கண்ணுக்குத் தெரிந்தது. 'உண்டு' என்று தட்டினான். இந்த வயல் வழியாக வேறு யாருக்குத் தண்ணீர் போகிறது என்று படிவம் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

இராஜாங்கம் பிந்தி நட்டவர். அவர் பயிர் இப்போதுதான் தூர் கட்டுகிறது, ஒரு வாரம் காய்ந்தால் ஒன்றும் ஆகாது. குழாய்க்காக மடையை அடைத்து, வரப்பின் வாயையும் மண் போட்டு மூடியிருந்தார். கண்ணுசாமியின் பயிர் தொண்டைக்கதிர். தண்டுக்குள் கதிர் உருண்டு, வெளியே வரக் காத்திருக்கும் நாட்கள். அப்போது தண்ணீர் நின்றால் வருவது நெல் அல்ல, பதர்.

அன்று மாலையே கண்ணுசாமி சித்தீக்கின் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் துணிக்கட்டு. சித்தீக்கின் மனைவி ரிஃப்கா நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நாலு நாளாச்சு பாய். வெடிப்புல என் விரல் போவுது. உங்க போன்லேருந்து அந்த வயலை எடுத்துட்டாப் போதும், இராஜாங்கம் தானா மடையைத் தொறந்துடுவாரு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்கண்ணே. ரெண்டே நாள்."

"கதிருகிட்ட சொல்லிப் பாருங்க. அது பொறுத்துக்கிட்டா எனக்கும் சம்மதம்."

ரிஃப்காவுக்குச் சிரிப்பு வந்து, கணவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"அவரு அடிச்சதுக்கு நான் வரல. அடி ஆறிடும்" என்றார் கண்ணுசாமி. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"எடுத்துட்டா என்னங்க?" என்றாள் ரிஃப்கா.

"வேலை போயிடும்."

"போனா?"

"ஷார்ஜா."

பதினோரு வருடத்தில் அவன் வீட்டில் இருந்த மாதங்களை அவள் விரல்களில் எண்ணிவிடலாம். சித்தீக் கைபேசியைத் திறந்தான். இராஜாங்கத்தின் பெயருக்குக் கீழே 'நீக்கு' என்று சிவப்பில் இருந்தது. விரலை அதன்மேல் வைக்காமல், அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரை தானாக அணைந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவன் கொட்டாப்புளியோடு, கனமான மரச்சுத்தியலோடு, வயலுக்குப் போனான். பிடுங்கி மறுபடி சொருகிய குழாய் சாய்ந்திருந்தது, அடித்து நிமிர்த்த வேண்டும். குழாயைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் தண்ணீர் தளும்பியது. விடிவதற்கு முன்பே யாரோ மடையைத் திறந்திருக்கிறார்கள். நான்கு ஏக்கரிலும் தண்ணீர் ஏறிவிட்டது. கீழ்வரப்பில் கண்ணுசாமி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டிருந்தார். வாய் வெட்ட இன்னும் நாலைந்து வெட்டுகளே பாக்கி. அவருக்குப் பின்னால், காய்ந்த வயலில், அவர் மனைவி செவ்வந்தி நின்றிருந்தாள்.

இராஜாங்கம் மேல்வரப்பிலிருந்து ஓடிவந்தார். கத்தவில்லை. வந்த வேகத்தில் தோளால் இடித்தார். இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். இராஜாங்கம் கண்ணுசாமியின் முதுகில் ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்து முகத்தைச் சேற்றில் அமுக்கினார்.

"குடிடா. தண்ணிதானே கேட்ட? குடி."

கண்ணுசாமியின் கை மண்வெட்டியைத் துழாவி எடுத்தது. பார்க்காமல் பின்னால் வீசினார். தகடு இராஜாங்கத்தின் கெண்டைக்காலைப் பிளந்து எலும்பில் நின்றது. அப்படியும் பிடி தளரவில்லை.

"விடுங்கண்ணே! செத்துடுவாரு, விடுங்க!"

சித்தீக் இராஜாங்கத்தின் தோளைப் பிடித்து இழுத்தான். முழங்கை அவன் மார்பில் இடித்தது. கண்ணுசாமியின் கால்கள் தண்ணீரை அடித்தன. பிறகு மெதுவாக அடித்தன. பிறகு நின்றன.

சித்தீக் கொட்டாப்புளியால் இராஜாங்கத்தின் தலையில் அடித்தான். பிடி விட்டது. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு முறை அடித்தான்.

இராஜாங்கம் பக்கவாட்டில் சரிந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. செவ்வந்தி பாய்ந்து வந்து கணவனைப் புரட்டினாள். அவர் சேற்றை வாந்தி எடுத்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டார். சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். யாரோ முதல் வேலையாக மடையை அடைத்தார்கள். இராஜாங்கத்தை ஆம்புலன்ஸ் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பார்த்த கையோடு கண்ணுசாமியைப் போலீஸ் ஏற்றிக்கொண்டது. மண்வெட்டி அவருடையது, அதில் ரத்தம் இருந்தது. முகம் சேற்றில் இருந்தவருக்கு, இராஜாங்கத்தின் தலையில் அடித்தது யார் என்று தெரியாது. தான் வீசிய மண்வெட்டிதான் பட்டிருக்கும் என்று அவரே நம்பினார்.

"நீங்க பாத்தீங்களா பாய்?" என்று ஏட்டு கேட்டார்.

சித்தீக் வாய் திறக்கவில்லை. ஏட்டு அந்த மௌனத்தைத் தனக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டார். கொட்டாப்புளி பயிருக்குள் மிதந்துகொண்டிருந்தது.

பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து மேலாளர் கல்யாணராமன் அழைத்தார். சிங்கப்பூர்க்காரர்களின் கார் பாதி வழியிலேயே திரும்பிவிட்டதாம்.

"சித்தீக், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? நல்லது. அது பழைய வரப்புத் தகராறுதானே? ரிப்போர்ட்ல அப்படியே போடுங்க. குழாய் பேச்சே வேண்டாம். உங்க வேலை பத்திக் கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்."

"சரி சார்" என்று சொல்ல வாயெடுத்தான். கைபேசியைக் காதிலிருந்து இறக்கினான். எதிர்முனையில் கல்யாணராமன் இரண்டு முறை "ஹலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்.

வரப்பில் அவனும் செவ்வந்தியும் மட்டும் இருந்தார்கள். அவள் புடவையில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"அவரு மண்வெட்டி காலுக்குத்தாண்ணே போச்சு" என்றாள். "மண்டையில ரெண்டு அடி. நான் எண்ணினேன்."

"முதல் அடி அவரைக் காப்பாத்த" என்றான் சித்தீக்.

"ரெண்டாவது?"

அவன் தேடிப் பார்த்தான். போட்டோ எடுக்கச் சொன்னபோது வராத கோபமா, எடுத்த தன் மேலேயே வந்ததா, வெள்ளிக்கிழமை போயிற்றே என்றா? எதைச் சொன்னாலும் பாதி பொய்யாக இருக்கும்.

"ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று எழுந்தான். "நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேன்."

"போவலாம். ஸ்டேஷன் எங்கயும் ஓடிடாது." மண்வெட்டியைத்தான் போலீஸ் கொண்டுபோய்விட்டது; அவள் வரப்பில் கிடந்த தன் வீட்டுக் கடப்பாரையை எடுத்து நீட்டினாள். "முதல்ல தண்ணி. நாளைக்கு விட்டா கதிரு இல்ல."

சித்தீக் கைபேசியை எடுத்தான். குழாய் நின்ற இடத்தில் தளும்பும் தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பினான். ரிப்போர்ட்டில் தகராறுக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினான்: 'கீழ் வயலுக்கு வேறு தண்ணீர் வழி இல்லை. பதிவில் தவறு என்னுடையது.' பிறகு சிவப்பு எழுத்தைத் தொட்டான். உறுதியா என்று கேட்டது. மறுபடி தொட்டான்.

அவன் வரப்பு வெட்டியதில்லை. கடப்பாரை முதலில் அவன் கால்விரலுக்குப் பக்கத்தில் இறங்கியது. செவ்வந்தி மேலே போய் மடையைத் திறந்துவிட்டு வந்து, அவன் பெயர்த்த மண்ணைக் கையால் அள்ளினாள். வாய் உடைந்தது. தண்ணீர் கலங்கலாக இறங்கி, முதல் வெடிப்பில் விழுந்து காணாமல் போனது. அடுத்த வெடிப்பிலும் காணாமல் போனது. கால் மணி நேரம் நிலம் குடித்துக்கொண்டே இருந்தது, முன்னே நகரவில்லை.

மேல்வரப்பில் இராஜாங்கத்தின் பங்காளிகள் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் கம்பு. சித்தீக் வாய்க்குக் குறுக்கே போய்க் காலை அகட்டி நின்றான். உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. கடப்பாரையைத் தரையில் ஊன்றினான், ஓங்கவில்லை.

"போதுமா?" என்று திரும்பாமலே கேட்டான்.

செவ்வந்தி குனிந்து ஒரு தண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஒரு மாகூட நனையல. இன்னும் நாலு மாவுக்கு மேல இருக்கு. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போங்க."