பன்னிரண்டாவது உறுப்பினர்

நவம்பர் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. ஆர்லிங்ஹோப் தூண்டில் சங்கத்தின் வேனில் பதினொரு பேர் ஏறினார்கள். பன்னிரண்டாவது ஆள் ஆற்றிலேயே குடியிருப்பதால் அவருக்கு இடம் பிடிக்க வேண்டியதில்லை என்றார் தலைவர் வில்ஃப் பெய்லிஸ். யாரும் சிரிக்கவில்லை. அது நகைச்சுவை இல்லை, உண்மை என்பதுதான் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

செயலாளர் ஹேசல் பார்ஜெட்டர் முன் இருக்கையில் மடியில் சங்கத்தின் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்து நான்கு. செடி விற்கும் கடையில் வேலை. வாரம் முழுவதும் யாராவது ஒருவர் வாடிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது பிழைக்குமா?" என்று அவளைக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை செவர்ன் ஆற்றங்கரையில் மட்டும்தான் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த ஒரு நாளுக்காகவே அவள் சங்கத்தில் சேர்ந்தாள். ஏப்ரலில், வேறு யாரும் கை தூக்காததால், செயலாளரும் ஆனாள். அவளுக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் நாற்பத்தோரு ஆண்டுகள் சாய்ந்த அழகான கையெழுத்தில் குறிப்பேடு எழுதியவர். அதே குறிப்பேட்டில் "இன்றோடு ஆறு நம் கையைவிட்டுப் போனது" என்ற வரி தன் கோழிக்கிறுக்கலில் வந்துவிடுமோ என்று அவளுக்கு இரண்டு மாதமாகக் கவலை.

காரணம், குத்தகைப் பத்திரம். ஆற்றங்கரை நிலம் பண்ணை வீட்டுக்காரர்களுடையது. 1931இல் எழுதிய பத்திரத்தில், ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலக் கூடுகையன்று பன்னிரண்டு உறுப்பினர்கள் நேரில் ஆஜராக வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் மீன்பிடி உரிமை அன்றோடு முடிந்தது என்று தெளிவாக இருந்தது. ஆகஸ்ட் வரை பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அப்புறம் ஒருவர், உட்கார்ந்த இடத்துக்கே பன்றி இறைச்சி ரொட்டி கொண்டுவந்து தரும் ஒரு மீன் குளத்துக்குப் போய்விட்டார். அங்கே வெந்நீர்க் குளியலறைகூட இருக்கிறதாம். அவர் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. கூடாரம் போட்டுக் கல்யாணம் நடத்தித் தரும் ஒரு கூட்டம் அந்தக் கரையின் மேல் கண் வைத்திருந்தது.

புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமென்றால், முந்தைய ஓராண்டில் குறைந்தது இருபது ஞாயிறு சங்கத்தோடு ஆற்றுக்கு வந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஹேசல் ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதும் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினாள். யார் வந்தார், எந்த முளையில் உட்கார்ந்தார், என்ன பிடித்தார் எல்லாம் அதில் இருந்தது. கரையில் எண் போட்ட மரமுளைகள் அடித்திருக்கும்; ஆளுக்கொரு முளை. உறுப்பினர் அல்லாதவர்களில் இருபதைத் தாண்டிய பெயர் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பெரில். இருபத்து மூன்று ஞாயிறு.

பெரில் ஒரு மீன். பார்பல் என்ற சாதி, நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். வாயைச் சுற்றி நான்கு மீசை இருக்க வேண்டும், பெரிலுக்கு மூன்றுதான். வாலில் நீர்நாய் கடித்த தழும்பு. ஏழாம் முளைக்கு எதிரே குடியிருப்பவள். டப்பா இறைச்சி என்றால் உயிர். பிடித்த மீனை எடை போட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவது இவர்கள் வழக்கம் என்பதால், சங்கத்தில் அநேகமாக எல்லோருமே அவளை ஒரு முறையாவது கையில் ஏந்தியவர்கள்தான்.

செப்டம்பர் கூட்டத்தில் ஹேசல் இதை ஒரு புலம்பலாகத்தான் சொன்னாள். "இருபது ஞாயிறு ஒழுங்கா வந்தது பெரில் மட்டும்தான்."

கூட்டம் நடந்தது மதுக்கடையின் பின் அறையில். எடைக்கல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ட்ரெவர் கெஸ்ட் சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அதை அவர் எப்போதும் வைத்திருப்பார்.

"உறுப்பினர் மனுஷனா இருக்கணும்னு இதுல எங்கயும் எழுதலை," என்றார்.

"அதை எழுதணும்னு எவனுக்குய்யா தோணும்?" என்றார் வில்ஃப்.

"தோணாமப் போனது நம்ம தப்பு இல்லையே தலைவரே. ஆனா ஒண்ணு. சேர்க்கும்போது ஆள் நேர்ல இருக்கணும். அது எழுதியிருக்கு."

ஓட்டெடுப்பில் ஒன்பது பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. ஒருவர் கழிப்பறையில் இருந்தார்.

ஆக, இன்றைக்கு நடக்க வேண்டியது எளிமையானது. பண்ணையின் காரியஸ்தர் லிடன் மூன்று மணிக்கு வருவார். அதற்குள் பெரிலைப் பிடிக்க வேண்டும். ஹேசல் வேனிலேயே ஒரு பட்டியல் எழுதியிருந்தாள்: ஒன்று, பிடிப்பது. இரண்டு, சேர்ப்பது. மூன்று, தலை எண்ணுவது. பட்டியல் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது, எதையோ மறந்துவிட்டோமோ என்று வழி முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எட்டரைக்குப் பதினொரு தூண்டில்களும் தண்ணீரில் இருந்தன. பதினொன்றிலும் டப்பா இறைச்சி. இலையுதிர் காலத்து ஆறு. மேல்கரை மரங்கள் அத்தனையும் மொட்டையாகிக்கொண்டிருந்தன. அரை நிமிடத்துக்கு ஒரு முறை தூண்டில் கழி வளையும். ஆவலாக இழுத்தால் ஒரு பிடி பழுப்பு இலை வரும்.

மீனும் வராமல் இல்லை. பத்தரைக்கு வில்ஃபின் கழி வளைந்தது. கால் மணி நேரம் போராடி மேலே கொண்டுவந்தால், தடித்த உதடும் பித்தளை நிறச் செதிலுமாக வேறொரு மீன். அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரியது. வேறொரு நாளாக இருந்திருந்தால் புகைப்படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

"உன்ன யாருடா கூப்பிட்டா?" என்று சொல்லி எடைகூடப் போடாமல் தண்ணீரில் விட்டார்.

இரண்டு மணி ஆயிற்று. பெரில் வரவில்லை. ஹேசல் கரையில் மேலும் கீழும் நடந்தாள். ஒவ்வொரு முளையிலும் நின்று, "ஏதாவது?" என்றாள். ஒவ்வொருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இரண்டு இருபதுக்கு ட்ரெவர் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா செயலாளரே, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடி அறிவிப்பு கொடுக்கணுமே. அவங்களுக்குக் கொடுத்தியா?"

"கொடுத்தேன் ட்ரெவர். தினமும் வேலை முடிஞ்சு நேரா இங்க வந்து, ஏழாம் முளையில ஒரு டப்பா இறைச்சி போட்டுட்டுப் போனேன். இடம் ஞாபகம் இருக்கட்டும்னு."

பக்கத்து முளையிலிருந்த வில்ஃப் மெதுவாகத் திரும்பினார். "தினமும் ஒரு டப்பாவா?"

"ஆமா. முழு டப்பா."

"ஏழு நாளும்?"

"நேத்து ஞாபகமா ரெண்டு."

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுவதுபோல இருந்தது. "கண்ணு, எட்டு டப்பா தின்னவ ஒன்பதாவதைத் திரும்பிப் பார்ப்பாளா? வயிறு முட்டத் தின்னுட்டு எங்கயோ வேருக்கடியில படுத்துக் கிடக்கா."

ஹேசலுக்கு முகமெல்லாம் சூடேறியது. இரண்டு மாதக் கவலை, ஒரு சனிக்கிழமை மதியம், ஏழு நாள் நடை. எல்லாவற்றையும் முறையாகச் செய்துதான் அவள் காரியத்தைக் கெடுத்திருந்தாள். கரையோரம் உட்கார்ந்தாள். பசிக்கவில்லை, ஆனாலும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே சுற்றிலும் பாதாம் விழுது பூசிய கேக் ஒரு துண்டு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வில்ஃப், நல்லா சாப்பிட்டு முடிச்சவங்க என்ன சாப்பிடுவாங்க?"

"தூங்குவாங்க."

"அதுக்கு முன்னாடி."

வில்ஃப் யோசித்தார். "இனிப்பு," என்றார்.

ஹேசல் பாதாம் விழுதை உரித்து உருட்டி முள்ளில் குத்தினாள். ஏழாம் முளையில் நின்று வேருக்குப் பக்கமாக வீசினாள். இரண்டு நாற்பத்தாறுக்குக் கழியின் நுனி இரண்டு முறை தட்டியது. பிறகு கழியே கையைவிட்டுப் போகப் பார்த்தது.

"பெரில்தான்!" என்று கத்தினார் வில்ஃப். "அந்த முரட்டு இழுப்பு வேற யாருக்கும் கிடையாது. விட்டுக் கொடு கண்ணு, விட்டுக் கொடு, இப்போ பிடி!"

பத்துப் பேரும் தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஹேசல் காலணி சேர்ந்த ரப்பர் நீர்க்கால்சட்டையோடு தொடை ஆழத்தில் இறங்கினாள். ட்ரெவர் வலையை நீட்டினார். மூன்று மீசை, கடிபட்ட வால். பத்தரை பவுண்டு எடையாவது இருக்கும். வாயோரம் பாதாம் ஒட்டியிருந்தது.

சரியாக மூன்று மணிக்குக் காரியஸ்தர் லிடன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். சேறு படாத பச்சை ரப்பர் காலணி, அட்டையில் செருகிய படிவம், காதோரம் நரைத்த ஒழுங்கான முடி. ஒரு முறை எண்ணினார். மறுமுறை கீழிருந்து மேலாக எண்ணினார்.

"பதினொண்ணு."

"பன்னிரண்டாவது உறுப்பினரை இப்பதான் சேர்த்துக்கிட்டிருக்கோம்," என்றார் வில்ஃப், வலையைக் காட்டி.

லிடன் குனிந்து பார்த்தார். பெரில் அவரைப் பார்த்தாள். ஹேசல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டை நீட்டினாள். அவர் இருபத்து மூன்று ஞாயிறையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். சிரிப்பார், இல்லை கத்துவார் என்று ஹேசல் எதிர்பார்த்தாள். அவரோ பேனாவைத் திறந்தார்.

"பெயர்?"

"பெரில்."

"முகவரி?"

"ஏழாம் முளை," என்றார் ட்ரெவர். "நிரந்தரமா."

"தொழில்?"

"ஓய்வு," என்றார் வில்ஃப். லிடன் அதையும் எழுதிக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் லிடன். "பத்திரத்துல 'ஆஜராகி'ன்னு இருக்கு. பிடிச்சுக் கொண்டுவர்றது ஆஜர் ஆகாது. வலையை எடுங்க. நான் மூணு பிரதியிலயும் கையெழுத்துப் போடுற வரைக்கும் அவங்க தானா இங்க நின்னா, வந்ததாக் கணக்கு. போயிட்டா, வரலை."

"நியாயம்தான்," என்றார் ட்ரெவர். வில்ஃப் அவரை முறைத்தார்.

ஹேசல் முள்ளை எடுத்தாள். வலையைத் தாழ்த்தினாள். பெரிலை ஆற்றின் எதிர்முகமாகத் திருப்பி, அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள். போராடிக் களைத்த மீன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. செவுள் திறந்து மூடுவது விரலில் தெரிந்தது.

லிடன் நிதானமாக எழுதுகிறவர். முதல் பிரதி. ஊதி உலர்த்தினார். இரண்டாம் பிரதி. குளிரில் பேனா கீறியது; உதறினார். பெரிலின் வால் ஒரு முறை அசைந்தது.

"கொஞ்சம் சீக்கிரம்," என்று ஹேசல் பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

"அவசரத்துல போட்ட கையெழுத்து செல்லாதும்மா."

மூன்றாம் பிரதி. வாலில் வலு ஏறிக்கொண்டிருந்தது. விரல்களை லேசாக மடக்கினால் போதும், யாருக்கும் தெரியாது. ஹேசல் மடக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் பிடித்து வைத்துவிட்டு, வந்திருந்தார் என்று தன் கையால் எப்படி எழுதுவது? கைகளை இன்னும் கீழே இறக்கினாள். பெரில் மெல்ல நழுவிப் போனாள்.

வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரில் அரை கஜம் போனாள், ஹேசலின் காலடிக்குப் பின்னால். அங்கே இரண்டு காலணிகளும் நீரோட்டத்தைத் தடுத்து ஒரு சின்ன அமைதியான இடத்தை உண்டாக்கியிருந்தன. களைத்த உடம்புக்கு அது போதுமாக இருந்தது. மூக்கைக் காலணியின் குதிகாலில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அசையாத," என்று கிசுகிசுத்தார் ட்ரெவர்.

ஹேசல் அசையவில்லை. குனிந்தபடியே நின்றாள். நீர்க்கால்சட்டையின் மேல்விளிம்பு வழியாகச் செவர்ன் ஆறு அவளுடைய இடது கால் முழுவதையும் நிரப்பியது. அப்புறம் வலது கால். கரையில் பத்து ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதர் தன் பெயரை எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிடன் கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். "பன்னிரண்டு. அடுத்த வருஷம் பார்ப்போம்." ஆற்றைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். "வாழ்த்துகள், மேடம்." ஹேசலைச் சொன்னாரா, பெரிலைச் சொன்னாரா என்று தெரியவில்லை. மேடேறிப் போய்விட்டார்.

அப்போதுதான் ஆரவாரம் கிளம்பியது. வில்ஃப் ஹேசலைக் கரைக்கு இழுத்தார். அவள் காலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியது. பல் தந்தியடித்தது. வாய்விட்டுச் சிரித்தாள். ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் இருக்கிறது, இனிமேல் நிம்மதியாக மீன் பிடிக்கலாம் என்று எல்லோரும் முளைகளுக்குத் திரும்பினார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ட்ரெவர். விதிப் புத்தகம் திறந்திருந்தது. "பதினாலாம் விதி. ஒரு உறுப்பினரோட தூண்டில் முள் இன்னொரு உறுப்பினர் மேல பட்டா, முள்ளுக்குச் சொந்தக்காரர் உடனே நீக்கப்படுவார்."

"அது கண்ணுல கிண்ணுல பட்டுடக் கூடாதுன்னு போட்ட விதிய்யா!" என்றார் வில்ஃப்.

"எங்க படணும்னு எழுதலையே. வாய்ல பட்டாலும் பட்டதுதான். ஒருத்தர் நீங்கினா மறுபடி பதினொண்ணு."

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். ஏழாம் முளைக்கு எதிரே தண்ணீர் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த இறைச்சித் துண்டும் அவள் வாய்க்குப் போகலாம்.

வில்ஃப் ட்ரெவரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, கத்தரியை எடுத்துத் தன் முள்ளை வெட்டினார். தூண்டில் நரம்பின் நுனியில் இறைச்சித் துண்டைச் சும்மா முடிச்சுப் போட்டுக் கட்டி வீசினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வெட்டினார்கள். ட்ரெவர் தன்னுடையதைக் கடைசியில் வெட்டி, முள்ளைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்தினார்.

ஹேசல் ஈரக் காலுறைகளைப் பிழிந்து புல்லில் விரித்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதாம் விழுது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை முடிச்சில் கட்டினாள். பதினொரு பேரும் வரிசையாக, முள்ளில்லாத தூண்டில்களை அவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாலு மணி வாக்கில் வில்ஃபின் கழி அதிர்ந்தது. பழக்கத்தில் பாதி எழுந்தார். கழி நிமிர்ந்தது.

"யாரு?" என்றார் ட்ரெவர்.

"யாரா இருந்தா என்ன," என்று வில்ஃப் இழுத்துச் சுருட்டி, வெறும் முடிச்சைப் பார்த்தார். "தின்னுட்டுப் போயாச்சு." டப்பாவிலிருந்து இன்னொரு துண்டு வெட்டிக் கட்டினார். முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக.