ஜன்னலுக்கு முன்னால் எழுந்த மதில்

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தங்கை ஆகிலாவின் கணவர் மிஹ்லார் ஸுஹைறாவின் பின்வளவுக்குள் காலடி எண்ணி நடப்பதை அவள் குசினி அடுப்படியிலிருந்து கண்டாள். ஆகிலாவின் படுக்கையறை ஜன்னலடியில் தொடங்கி, கிணற்றைச் சுற்றி, ஸுஹைறாவின் கேட் வரைக்கும் நடந்தார். பிறகு கையிலிருந்த தாளில் எதையோ குறித்தார்.

"இருபத்தாறு காலடி, மதினி," என்றார் அவளைக் கண்டதும். "ஓடினா அரை நிமிசமும் போகாது."

"யாரு ஓடப் போறது?"

"ஒருத்தரும் ஓடத் தேவைப்படக் கூடாதெண்டுதான் துஆ," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சாய்ந்தமருதில் அந்தப் பக்கத்து வளவுகளெல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் கிடந்தன. உம்மாவின் காணியை இரண்டாக வெட்டி, றோட்டுப் பக்கத்தை ஸுஹைறாவுக்கும் பின்பக்கத்தை ஆகிலாவுக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார்கள். ஆகிலா றோட்டுக்கு வர மூன்றடி அகல ஒழுங்கை ஒன்று அவளுடைய காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அவளுடைய படுக்கையறைச் சுவர்தான் இரண்டு காணிக்கும் எல்லை. அதிலிருந்த ஜன்னல் ஸுஹைறாவின் பின்வளவைப் பார்த்தது.

மிஹ்லார் பதினொரு வருடம் தோஹாவில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் தீ அலாரங்களைப் பராமரிக்கும் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்த கிழமையே தன் வீட்டில் குசினிக்கு வெளியிலும் இரண்டு அறைகளிலும் முகட்டில் புகை அலாரம் பூட்டினார். பீரிசுத் தட்டு மாதிரி வெள்ளையாக, வட்டமாக இருந்தன. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்து வந்து பொத்தானை அமத்திப் பார்ப்பார். காது கிழிகிற சத்தம். ஸுஹைறாவின் கணவர் அபூசாலி சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, "இவருக்கு என்ன வந்தது?" என்று கேட்பார்.

ஸுஹைறா காலடி எண்ணிய கதையைச் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நம்மட வளவ ஏன் அளக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"கேட்டுப் பாரு. நேரா கேட்காத. சும்மா போய்ப் பாரு."

அடுத்த நாள் ஸுஹைறா ஒரு தட்டில் வட்டிலப்பம் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆகிலாவின் ஆறு வயது மகள் மின்ஹா கலர் பென்சிலால் கீறியது. இரண்டு வீடும் இருந்தன. ஜன்னலிலிருந்து பெரியம்மாவின் கேட் வரைக்கும் சிவப்பில் ஒரு நீண்ட அம்பு. அதன் மேல் 'எங்கட வழி' என்று எழுதியிருந்தது.

"இது என்ன புள்ள?"

ஆகிலா சிரித்தாள். "இஞ்ச குசினி வாசலுக்குப் பக்கத்தில இரிக்கி, ராத்தா. குசினி பத்தினா நாங்க வெளிய வர ஏலாது. எல்லா ஜன்னலுக்கும் கம்பி. அதான் அவரு அந்த ஜன்னல் கம்பியத் திறக்கிற மாதிரி மாத்தப் போறாரு."

ஆகிலா தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது ஸுஹைறா அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

ஸுஹைறா காட்டிய அந்தப் படத்தை அபூசாலி கல்முனையில், உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் குமாஸ்தாவிடம் காட்டினார். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருடம் தடையில்லாமல் ஒரு வழியைப் பாவித்தால் பிறகு உரிமை கேட்கலாம் என்றான், அவ்வளவுதான்.

"பாத்தியா," என்றார் அபூசாலி வீட்டுக்கு வந்து. "இண்டைக்கு ஜன்னல். நாளைக்குக் கதவு. புள்ளைய வைச்சுப் படம் வேற கீற வைச்சிரிக்காரு."

"ஆகிலா அப்பிடிப்பட்டவ இல்ல."

"ஆகிலாவ யாரு சொன்னா? அவரு பதினொரு வருசம் வெளியில இருந்தவரு. என்ன யோசினையோட வந்தாரோ."

ஸுஹைறா தங்கையின் சிரிப்பை நினைத்துப் பார்த்தாள். அதில் ஏதோ மறைவு இருந்தது போல இப்போது பட்டது.

மிஹ்லார் சொன்னபடியே கம்பியை மாற்றினார். உள்ளே ஒரு தாழ்ப்பாள். இழுத்துவிட்டுத் தள்ளினால் முழுக் கம்பியும் வெளிப்பக்கம் திறந்தது. மறுநாளே அபூசாலி புளொக் கல் இறக்கினார். வினோஜ் என்ற மேசன் வந்து, ஜன்னலிலிருந்து ஒரு அடி தள்ளி, ஸுஹைறாவின் காணிக்குள் மதில் எழுப்பத் தொடங்கினான். திங்கள் பின்னேரம் அது ஜன்னலின் பாதியைத் தாண்டியது.

ஆகிலா ஜன்னலுக்குள் நின்று பார்த்தாள். "ராத்தா, எங்களுக்குக் காத்தும் வராது," என்றாள்.

"அது மச்சான்ட வேல. நான் என்ன செய்ய?"

"நீங்க சொன்னா கேப்பாரு."

ஸுஹைறா காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய் காலை பத்து மணியிருக்கும். வினோஜ் தேத்தண்ணி குடிக்கச் சந்திக்குப் போயிருந்தான். ஸுஹைறா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்வீட்டு அலாரம் அடித்தது.

இன்றைக்கு வெள்ளி இல்லையே என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது போல இருந்தது. மதில் எழும்புகிறது, அக்கம்பக்கம் கூடிப் பார்க்கட்டும் என்று அடிக்கிறார்கள். கடையிலிருந்த அபூசாலிக்குப் போன் எடுத்தாள்.

"அலாரத்த அடிக்கிறாங்க."

"அடிக்கட்டும். நீ வெளிய போகாத. போனா அதையும் ஒரு கதையாக்குவாங்க."

அவள் மறுபடியும் கத்தியை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. வழக்கமாகப் பத்து விநாடியில் நின்றுவிடும். முதல் வெங்காயம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அப்போது எரிந்த எண்ணெயின் நெடி ஜன்னலால் வந்தது.

ஓடினாள்.

ஆகிலாவின் கூரையோரமாகக் கறுத்த புகை கிளம்பிக்கொண்டிருந்தது. மதிலுக்கும் சுவருக்கும் இடையில் கம்பிக் கதவு ஒரு அடி திறந்து கல்லில் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஆகிலா மின்ஹாவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலென்று அன்று பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை; மிஹ்லார் வெளியே போயிருந்தார். பிள்ளையைப் பார்க்க அறைக்கு வந்த நேரத்தில் அடுப்பிலிருந்த பொரிக்கிற சட்டி பற்றிவிட்டது. ஆகிலா அறைக்கதவைச் சாத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்த போர்வையை அடியில் திணித்திருந்தாள். அதையும் மீறிப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ராத்தா, திறக்குதில்ல," என்றாள். அவள் கத்தவில்லை. புகையில் இருமினாள்.

வினோஜின் இரும்பு அலவாங்கு மண் குவியலில் கிடந்தது. ஸுஹைறா அதை எடுத்து மேல்வரிசைக் கல்லுக்குள் குத்தினாள். சீமெந்து இன்னும் முழுதாக இறுகவில்லை. ஒரு கல் விழுந்தது. பிறகு இரண்டு. அதற்குள் வினோஜ் ஓடி வந்து, "தள்ளுங்க அக்கா," என்று சொல்லி, தோளால் மதிலில் மோதினான். மூன்று வரிசை ஒன்றாகச் சரிந்தது. கம்பி திறந்தது. ஸுஹைறா பிள்ளையை வாங்கினாள். சூடான, கனத்த உடம்பு. ஆகிலா கற்களின் மேல் விழுந்து எழும்பினாள், முழங்கால் கிழிந்தது.

தீயணைப்பு வண்டி ஒழுங்கைக்குள் வர முடியாமல் றோட்டில் நின்று குழாய் இழுத்தது. குசினியும் முன்கூடமும் போயின. அறைகள் தப்பின.

அபூசாலி கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தீயணைப்புக்காரரிடம், "எப்பிடிப் பத்தினது?" என்று கேட்டார். பதில் கிடைத்த பிறகும் மறுபடி கேட்டார். ஸுஹைறா அவருடைய கையைப் பிடித்து, "போதும்," என்றாள்.

திருத்த வேலை முடியும்வரை ஆகிலாவின் குடும்பம் ஸுஹைறாவின் வீட்டிலேயே இருந்தது. மதிலின் கற்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. நான்காம் நாள், மிஹ்லார் வெளியே போயிருந்த நேரம், ஆகிலா முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தாள். ஸுஹைறா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சத்தம் கேட்ட உடன நான் வரல்ல," என்றாள். "பொய்க்கு அடிக்கிறீங்கெண்டு நினைச்சன்."

ஆகிலா பஞ்சைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு வெங்காயம் வெட்டினன்."

ஆகிலா மருந்துப் போத்தலை இறுக்கி மூடினாள். "மின்ஹாக்குத் தெரிய வேணாம்," என்றாள் கடைசியில். ஸுஹைறா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

அடுத்த கிழமை மிஹ்லார் இந்த வீட்டுக்கும் அலாரம் வாங்கி வந்து பூட்டினார். அபூசாலி ஏணியைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் மிஹ்லார் அறை அறையாகப் பார்த்துவிட்டு அபூசாலியிடம் வந்தார்.

"காக்கா, உங்கட படுக்கிற அறைக்கும் ரெண்டாவது வழி இல்ல. அந்த ஜன்னல் கம்பிய மாத்தினா வரலாம்."

"மாத்துவம்," என்றார் அபூசாலி. ஜன்னலருகே போய் வெளியே எட்டிப் பார்த்தார். அது ஒழுங்கைப் பக்கம் இருந்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"ஒழுங்கை ஆகிலாட உறுதியில இரிக்கி," என்றார் மிஹ்லார் மெதுவாக. "அவகிட்டத்தான் கேக்கணும்."

ஆகிலா வாசலில் மின்ஹாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அபூசாலி அவளிடம் போனார்.

"புள்ள, ஒழுங்கைப் பக்கம் ஒரு கம்பி திறக்க வைச்சா உங்களுக்கு ஒண்டும் இல்லையே?"

ஆகிலா பின்னலை முடித்து, நுனியில் றப்பரைப் போட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள். அவள் பார்த்தது உள்ளே நின்ற ராத்தாவை.

"திறந்து வைங்க, மச்சான்," என்றாள். "நாங்க அடைக்க மாட்டம்."