ஒரு நாள் தள்ளி வந்த சம்பந்தி

என் கணவர் நூரல்லாவுக்கு யெருஷல்மி என்ற குடும்பப் பெயர்மேல் அப்படி ஒரு கர்வம். யெருஷல்மி என்றால் ஜெருசலேம்காரர். ஈரான் நாட்டு ஷிராஸிலிருந்த அவருடைய கொள்ளுத்தாத்தா ஜெருசலேமுக்கு நடந்தே போய்த் தொழுதுவிட்டுத் திரும்பினாராம். அதற்காக ஷிராஸ்காரர்கள் கொடுத்த பட்டம் அது. நாங்கள் குடியிருப்பதோ கடற்கரைப் பக்கம், ஹோலோனில்.

மகள் ஜிலா விரும்பிய எலியாவ் என்ற பையனும் ஒரு யெருஷல்மிதான். ஆனால் அவன் ஜெருசலேமிலேயே இருப்பவன். பெண் கேட்டு வந்து மோதிரம் போட்ட அன்றைக்கே ஷபெத்தை என்ற அவன் அப்பா வாயைக் கொடுத்தார்.

"எங்க முன்னோர் ஜெருசலேம்லயே பிறந்தவரு. தர்மத்துக்கு வசூல் பண்ண கிரீஸ் பக்கம் சலோனிக்கா போயி அங்கேயே தங்கிட்டாரு. ஜெருசலேம்காரர்னு அங்க பேரு வெச்சாங்க. உங்க ஆளு சும்மா போய்ப் பாத்துட்டு வந்தவருதானே? சுற்றுலாப் பயணி!"

"அவராவது ஊரைத் தேடிப் போனாரு. உங்காளு ஊரை விட்டே போனவரு!" என்றார் என் கணவர்.

"எதிர்வீட்டுக்காரர் வார்சாவுல பிறந்தவரு. பழைய பேரு பிடிக்காம, கப்பல்ல வந்து இறங்கின அன்னிக்கே யெருஷல்மின்னு மாத்திக்கிட்டாரு. அவரையும் கூப்பிடவா? மூணு பேருமா அடிச்சுக்குங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேஷம் கட்டிக் கொண்டாடும் பூரிம் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு என்று முடிவாயிற்று.

பூரிமன்று குங்குமப்பூச் சோறும், கோழிக்கறிக் கடலைமாவு உருண்டையும், அல்வாவும் செய்து வைத்தேன். ஜிலா ராணி வேஷம் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். பொழுது சாய்ந்தும் ஒருவரும் வரவில்லை. கேட்டுப் பார்க்க இரு வீட்டிலும் தொலைபேசி கிடையாது.

"வேணும்னே அவமானப்படுத்தறான். இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று குதித்தார் நூரல்லா. நானும் ஒத்து ஊதினேன்.

மறுநாள் காலை ஜிலாவின் மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, தபாலில் அனுப்பக் காகிதத்தில் மடித்தார். அவள் அழுத அழுகை எனக்குத் தாங்கவில்லை. அப்போது மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். தங்கக் காகிதக் கிரீடத்தோடு ஷபெத்தை. பலகாரத் தட்டோடு அவர் மனைவி லூனா. கொள்ளைக்காரன் வேஷத்தில் எலியாவ். மூவரும் "பூரிம் வாழ்த்துகள்!" என்று கத்தினார்கள்.

மதில் சூழ்ந்த பழைய ஊர் என்பதால் ஜெருசலேமில் மட்டும் பூரிம் ஒரு நாள் தள்ளி வரும். இங்கே பால்வாடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். கோபம் வந்தால் எங்கள் வீட்டை விட்டு முதலில் கிளம்புவது மூளைதான். அதிலும், ஜெருசலேம்காரன் என்று நாள் தவறாமல் மார்தட்டும் நூரல்லாவுக்கே அது உறைக்கவில்லை.

சம்பந்தி எங்கள் கசங்கிய உடைகளையும், மேசையிலிருந்த மடித்த காகிதத்தையும், ஜிலாவின் வெறும் விரலையும் பார்த்தார். கிரீடத்தைக் கழற்றினார்.

"உங்களுக்கு நேத்தே முடிஞ்சுபோச்சு, இல்ல? எனக்குத் தோணவே இல்ல சம்பந்தி. இந்த ஊருக்கு நான்தான் சுற்றுலாப் பயணி. மிச்சம் மீதி இருந்தா போடுங்க."

நூரல்லா காகிதத்தைப் பிரித்து மோதிரத்தை எடுத்தார். ஜிலாவின் விரலில் அவரே மாட்டிவிட்டார்.