முதுகு காட்டிய ஆள்

சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தபோது ஆம்புரோஸ் உள்ளே மாட்டிக்கொண்டான். உடல் கூடக் கிடைக்கவில்லை. பங்குதாரர்களோ, இனித் தண்ணீர் இறைத்துக் கட்டுப்படியாகாது, மூடிவிடுவோம் என்று குதித்தார்கள். ஹார்ட்ஸ் மலையின் அந்த ஊரில் ஒரு வழக்கம் மட்டும் குறுக்கே நின்றது. தன் வெள்ளியில் தன் படம் போட்டுத் தாலர் நாணயம் அடித்த சுரங்கத்தை அந்த வருடம் மூடக் கூடாது. அடிக்க வெள்ளி வேண்டுமே! கடைசியாக வெட்டியெடுத்த தாது உலையில் கிடந்தது.

ஆம்புரோஸின் மனைவி வால்பூர்கா உலையருகே வந்து நின்றாள். துருத்தி ஊத ஊத, உருகிய தாதுவிலிருந்து ஈயம் படலமாக ஒதுங்கி வழிந்தது.

"எல்லாம் வெறும் ஈயந்தானாண்ணே?"

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு தாயி. வெள்ளி கண்ணு தொறக்குற நேரம்," என்ற உலைக்காரர் ஹென்னிங், தொப்பியைக் கழற்றினார். எல்லோரும் கழற்றினார்கள்.

படலத்தில் வானவில் நிறங்கள் ஓடின. அது கிழிந்தது. மறுநொடி வெள்ளி பளீரென்று விழித்ததில் கரி பிடித்த கூரையே வெளுத்துப்போனது. எத்தனையோ முறை பார்த்த ஹென்னிங்குக்கே மயிர்க்கூச்செறிந்தது. வால்பூர்கா கண்கூச அதையே பார்த்தாள். கல்லுக்குள் இத்தனை வெளிச்சமா!

நாணயச்சாலையில் முதல் தாலர் விழுந்ததும் சாலைத் தலைவர் கத்தினார். "யோப்ஸ்ட்! என்னய்யா வெட்டி வச்சிருக்க?"

அச்சில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வெட்ட வேண்டும். அச்சு வெட்டும் யோப்ஸ்ட் சுரங்க வாயை மாற்றி வெட்டினான், விளக்கோடு உள்ளே போகவேண்டிய ஆளை மாற்ற மறந்துவிட்டான்.

"சொரங்கத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான்! ஊரே சிரிக்கும். உருக்கித் தொலைங்க!"

வெள்ளியோடு கூடவே வந்திருந்த வால்பூர்கா அந்தத் தாலரைக் கையில் வாங்கினாள். மலை, சுரங்க வாய், நகக்கண் அளவு ஆள், அவன் கையில் விளக்கு. கண்ணீர் அதன் மேலேயே சொட்டியது.

"முதுகு காட்டலீங்கய்யா," என்றாள். "வெளிய வர்றாருங்க."

தலைவர் மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்.

"இப்படியே அடிங்க," என்றார்.

அந்த வருடம் தண்ணீர் இறைக்கும் சக்கரம் நிற்கவில்லை. பனி உருகுவதற்குள் சுரங்கத்தில் தண்ணீர் வடிந்து, ஆம்புரோஸும் வெளியே வந்தான், நான்கு பேர் தோளில்.