மதகுக்கு ஏது சூடு

மதகைப் பார்த்துக்கொள்வது அந்த ஊரில் முறை வைத்து வரும். ஒரு வருஷத்துக்கு ஒரு வீடு. பொங்கலன்று, மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் திருகின் இரும்புக் கைப்பிடிக்கு மஞ்சள் பூசி அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவார்கள். வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியின் உப்புக் கால்வாய் வந்து வயலைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது அந்த மதகு. மழைத் தண்ணீர் வடியத் திறக்க வேண்டும். காற்றடித்து ஏரி ஏறினால் மூட வேண்டும். மூடவில்லை என்றால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து, அந்த வருஷத்துச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் போகும்.

அந்த வருஷம்தான் சத்தியவேட்டுப் பக்கத்தைச் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரித்து ஆந்திராவோடு சேர்த்தார்கள். மதகுத் திருகுக்கு மசகு கொடுத்துவந்த பழைய ஆபீஸ், இனி நீங்கள் எங்களவர் இல்லை என்றது. புது ஆபீஸ், மதகு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை என்றது. பிறந்த வீடும் இல்லாமல் புகுந்த வீடும் இல்லாமல் நடுத்தெருவில் நின்றது மதகு. நின்றது யார் முறையில் என்று நினைக்கிறீர்கள்? தாட்சாயணி முறையில்.

தாட்சாயணி புருஷனை இழந்தவள். அவளுடைய ஒரு காணியும் மதகுக்கு நேர் கீழே. உப்பு வந்தால் முதலில் போவது அவள் பயிர்தான். அடுத்த முறைக்காரர் தாமோதரன், பெண்பிள்ளை கை பட்டு மதகு நிற்குமா, அவள் வீட்டைத் தாண்டிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. கைப்பிடியை வாங்கிக்கொண்டுபோய் நெல்குதிருக்குப் பக்கத்தில் சாத்தினாள்.

புரட்டாசி சனிக்கிழமைக்குத் திருப்பதி போனபோது, அங்கே மலை பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்த தம்பி நாகபூஷணத்திடம் மசகு கேட்டாள். அவன் ஷெட்டில் இரண்டு டின் இருந்தன. ஒன்றில் வெண்ணெய் மாதிரி வழவழப்பான மஞ்சள் கிரீஸ். இன்னொன்று, விரலால் தொட்டு இழுத்தால் நூல்நூலாக வந்தது. தம்பி மஞ்சள் டின்னைக் காலால் தள்ளினான்.

"அது மட்டம்க்கா, சூடு தாங்காது. இத எடுத்துக்கினு போ. மலை ஏறுற பஸ்ஸு சக்கரத்துக்குப் போடறது இதான்."

மலை ஏறுகிற பஸ்ஸுக்குப் போடுவது! அதற்கு மேல் கேள்வி உண்டா? கூட வந்த பெண்கள் அந்த டின்னை அலிபிரியில் முதல் படியில் வைத்துக் கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்துத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தாமோதரனே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாட்சாயணி பழைய மசகைத் துடைத்து, திருகின் ஒவ்வொரு மரையிலும் அதை அப்பினாள்.

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்தது. கைப்பிடியை மாட்டித் திருகினால் மதகு முக்கியது, நகரவில்லை. மரையைப் பார்த்தாள். கிரீஸைக் காணோம். திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, அடியில் துரு. ஊர் என்ன சொல்லும்? ஏழுமலையான் மலை ஏறின மசகு தப்பாகுமா, கைதான் சரியில்லை என்றது. அவளும் இரண்டு நாள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்குச் சீரோடு வந்தான் நாகபூஷணம். அவனிடம் அவள் சண்டை போடவில்லை. கால்வாய்த் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் மொண்டு வந்து, டின்னோடு அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு விரல் கிரீஸை அதில் போட்டுத் தேய்த்தான். தண்ணீர் வெளுத்தது. இன்னும் தேய்த்தான். கிரீஸ் கரைந்து விரல் வெறும் விரலாயிற்று.

"இது சூடு தாங்கும்க்கா. மலை இறங்கச் சொல்ல சக்கரம் கொதிக்கும், அப்பவும் உருகாது," என்றான் மெதுவாக.

"மதகுக்கு ஏதுடா சூடு?" என்றாள் தாட்சாயணி.

இத்தனை வருஷம் மலையும் பிரேக்குமாக இருந்தவனுக்கு, சூட்டைத் தவிர வேறு எதிரி உண்டென்று தோன்றவே இல்லை. இலையில் வைத்த சோற்றைக்கூடத் தின்னாமல், அந்த டின்னைக் காலி செய்து எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினான். மறுநாளே அது நிறைய மட்டமான மஞ்சள் கிரீஸோடு வந்து நின்றான். அதையும் முதலில் கிண்ணத்தில் போட்டுத் தேய்த்தார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அக்காவும் தம்பியுமாக மண்ணெண்ணெய் விட்டுத் துருவைச் சுரண்டினார்கள். மஞ்சள் கிரீஸை அப்பி, மதகு பழகும் வரை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கிழக்கே இருட்டிக்கொண்டு காற்று வந்தது. ஏரி கால்வாயில் ஏறியது. ஊரே கரையில் நிற்க, தாட்சாயணி கைப்பிடியை மாட்டிச் சுற்றினாள். பலகை சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. காற்று ஓய்ந்ததும் வயலில் இறங்கி, விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பில்லை. அங்கேயே சேற்றில் நின்று அழுதுவிட்டாள்.

கரைக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. உள்ளே கிரீஸ் மாறியது தெரியாமல், குங்குமம் வைத்த டின்னுக்குத் தாமோதரன் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். கை சரியில்லாவிட்டாலும் மலையான் கைவிடவில்லை என்றும், வருகிற வருஷம் தன் முறைக்கும் அதே மலை பஸ் கிரீஸையே வாங்கப்போவதாகவும் எல்லோரிடமும் சொன்னார். நாகபூஷணம் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பி மானம் தப்பும். ஊரும் அவளை விட்டுவிடும். ஆனால் அடுத்த ஐப்பசியில் மதகு இறுகிப்போகும். உப்புத் தண்ணீர் தாமோதரன் வயல், தன் வயல் என்று பார்த்தா வரப்போகிறது?

தம்பியின் வேட்டி மடிப்பில் பழைய கிரீஸ் ஒரு உருண்டை காகிதத்தில் இருந்தது. ஷெட்டில் காட்டுவதற்காக அவன் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தது. அவள் கை நீட்டினாள். அவன் அதை அவளிடம் தராமல், பூஜைக்கு வைத்திருந்த ஒரு கிண்ணத்தில் தானே கால்வாய்த் தண்ணீரை மொண்டு, தாமோதரன் கையில் கொடுத்து, உருண்டையை அதில் போட்டான்.

"தேச்சிப் பாருங்க பெரியவரே. இதான் நான் மொதல்ல குடுத்தது. குத்தம் என் கையில, எங்க அக்கா கையில இல்ல."

தாமோதரன் தேய்த்தார். தண்ணீர் வெளுத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, உடைத்த தேங்காயின் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு தாட்சாயணி முன்னால் வந்து நின்றார்.

"கைய நீட்டும்மா," என்றார்.