பொட்டுத் தண்ணி

கருத்தம்மாளின் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தது எண்பத்தேழு தை மாசம். பங்குனியிலேயே கொழுந்தன் வேல்சாமி மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டான்.

கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில், அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான கிணறு அது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. மோட்டார் காயில் கருகி ராஜபாளையத்துக்குத் தூக்கிப்போனபோது கருத்தம்மாளின் கம்மல்தான் அடகுக்குப் போனது. இப்போது வேல்சாமி, "கிணறு வத்திருச்சு மதினி" என்றான். அடுத்த வாரம், "மோட்டார் ரிப்பேரு" என்றான். அவன் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பூ வைக்கிற நேரத்தில் இவள் பருத்தி தலை தொங்கி நின்றது.

ஒரு காலையில் கிணற்றடிக்கே போனாள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ராக்கப்பனும் பேச்சிமுத்துவும் வேல்சாமியோடு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேல்சாமி, செடி காயுது. ஒரு பொட்டுத் தண்ணி விடுப்பா. எம் முறையத்தான் கேக்கேன்."

அவன் அவள் நெற்றியைப் பார்த்தான். "பொட்டு அழிஞ்சவளுக்குப் பொட்டுத் தண்ணி எதுக்கு மதினி?"

ராக்கப்பன் சிரித்துவிட்டான்.

டவுசர் போட்ட பயலாக இருந்தபோது இவனுக்குச் சோறு பிசைந்து போட்டவள் கருத்தம்மாள். தன் தோட்டத்துக்குப் போனவள், கடப்பாரையோடு திரும்பி வந்தாள். இரண்டாவது அடியில் பூட்டு நாதாங்கியோடு பெயர்ந்து விழுந்தது.

"ஏலே! பொட்டுன்னா என்னன்னு தெரியுமாலே உனக்கு? பொட்டுன்னா சொட்டு. மழை விழுந்தா மண்ணுல ஒரு புள்ளி வைக்கும்லா, அதான் பொட்டு. பொறவுதான் அது மனுசன் நெத்திக்கு வந்துச்சு. உங்க அண்ணன் கொண்டாந்ததுன்னு நெனச்சியா? நான் கைப்பிள்ளையா கெடக்கையிலயே எங்காத்தா மையில வச்சுவிட்டா. ஆம்பள கொண்டாரவுமில்ல, கொண்டுபோகவுமில்ல!"

வேல்சாமி பாய்ந்து கடப்பாரையைப் பிடித்தான். அவள் விடவில்லை. பேச்சிமுத்து எழுந்து அவனை இழுத்தான்.

"விடுலே. அவிய முறைதான். நாங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்."

கருத்தம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "இம்புட்டு நாளும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? வாயி எங்க போச்சு?"

பேச்சிமுத்து வேல்சாமியைப் பிடித்த பிடியை விடவில்லை. அவள் உள்ளே போய் ஸ்டார்ட்டரை அழுத்தினாள். மண்வெட்டிக்குக்கூடக் காத்திராமல் கையாலேயே மடையை வெட்டிவிட்டாள். மத்தியானத்துக்குள் தோட்டம் நனைந்துவிட்டது. ஆனாலும் பாதிச் செடி மொட்டை உதிர்த்துவிட்டிருந்தது.

பூட்டை உடைத்தாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போலீசுக்குப் போனான் வேல்சாமி. "கிணறு யார் யார் பேர்ல இருக்கு?" என்று ஏட்டு கேட்டதும் புகார் எழுதாமலே திரும்பினான். அதன்பிறகு அந்தக் கதவில் பூட்டு ஏறவில்லை.

நாலு நாள் கழித்து வேல்சாமியின் பெண்டாட்டி சண்முகத்தாய் வாசலில் வந்து நின்றாள். "அவுக ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாக. மனசுல வச்சுக்கிடாதீகக்கா."

"வச்சுக்கிடத்தான் செய்வேன்" என்றாள் கருத்தம்மாள். "போயிச் சொல்லு."