முப்பத்தைந்து வாங்கிய கீரை

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டிய காலி மனையில் பதினொரு பேர் குனிந்து கீரை பறித்தார்கள்.

அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருடம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவர். அவர் கையில் யாரும் ஃபெயில் ஆனதில்லை என்பதால் குடியிருப்பில் அவருக்கு ‘கிரேஸ் மார்க்’ என்று பெயர். மனையைக் கார் நிறுத்துமிடமாக்குவது பற்றி அன்று மாலை சங்கக் கூட்டம். அங்கே தானாக முளைத்த பருப்புக்கீரையை மதியமே நிர்வாகிகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டால் மனை தப்பும் என்று அவர் நினைத்தார். அதை விட்டால் காலை வேளைகளில் அவருக்குப் போக வேறு இடம் இல்லை.

பாதுகாப்பில் அவர் குறை வைக்கவில்லை. தொப்பி, கையுறை, விசில் எல்லாம் உண்டு. ஆளுக்கொரு மதிப்பெண் தாளும் அச்சடித்துக் கொடுத்திருந்தார். இலைக்கு இவ்வளவு, தண்டுக்கு இவ்வளவு என்று நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கும் செடி தேறியது.

பத்தரை மணிக்குப் பதினொரு பைகளும் ஒரே அண்டாவில் கொட்டப்பட்டன. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒரு தண்டை ஒடித்தார். வெள்ளையாகப் பால் வந்தது.

“ஏங்க, பருப்புக்கீரையில பால் வருமா?”

“வராது. தாள்லயே இருக்கு பாரு. பால் வரலைன்னா பத்து மார்க்.”

“வந்தா?”

“பூஜ்யம்.” தாள்களைப் புரட்டி ஒன்றை உருவினார். “இது காலையில கூட வந்த வங்கிக்காரர் பறிச்சதா இருக்கும். இருபத்தொன்பதுதான் தேறிச்சு.”

“அப்ப ஃபெயில்தானே? எப்படி அண்டாவுக்கு வந்துச்சு?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆறு மார்க்குல ஒருத்தரை நிறுத்தி வைக்க மனசு வரல. போட்டுட்டேன்.”

“செடிக்கா?”

“பார்டர்ல நின்னுச்சு.”

“பால் வந்தா அது விஷச்செடி. அது கட்டாயக் கேள்விங்க. அதுல முட்டை வாங்கினா மிச்சம் எவ்வளவு வாங்கினாலும் குப்பைக்குத்தான். நீங்க செடிக்குக் கருணை காட்டுவீங்க. அது சங்கச் செகரட்டரி வயித்துக்குக் காட்டுமா?”

“அந்தப் பையை மட்டும் பிரிச்சு எடுத்துடலாம்ல?”

“கலந்தாச்சு. இன்னும் எத்தனை பேருக்குப் போட்டீங்க?”

“நாலு பேருக்கு.”

மனைவி கையிலிருந்த தண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். வாத்தியார் அண்டாவையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போன் அடித்தது. செகரட்டரி.

“என்ன வாத்தியாரே, வாசனையே மேல வரல? பசியோட காத்திருக்கோம்.”

“இன்னைக்குச் சாப்பாடு இல்ல சார்.”

“ஏன்?”

“எல்லாமே ஃபெயில்.”

அண்டாவைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் வாத்தியார், மற்றவர் வங்கிக்காரர்.

மாலைக் கூட்டத்தில் மனையைக் கார் நிறுத்துமிடமாக்குவது ஏகமனதாக முடிவாயிற்று. வாத்தியாருக்கு ஏழாம் எண் இடம் ஒதுக்கப்பட்டது. அவரிடம் கார் இல்லை.